விட்டு விட்டு வந்த சம்மதம்

ஐந்தாறு வருடங்களுக்கு முன், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முந்தைய கோடையில், அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. வாய்க்கால் தூர்வார வந்த பொக்லைன், வண்டலோடு சேர்த்து எங்கள் தெருவுக்கு வரும் இன்டர்நெட் கேபிளையும் அள்ளிப் போட்டுவிட்டது. நாளைக்கு வந்து சரி செய்கிறோம் என்றவர்கள் அதையே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கைக்கு வரன் வந்தது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான், வளைகுடாவில் தையல் வேலை. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தங்கைக்கு அந்த வேலை உயிர். "அவரோட நல்லாப் பேசாம சரின்னு சொல்ல மாட்டேன்" என்று கையாலேயே அடித்துச் சொல்லிவிட்டாள்.

எழுதிப் பேசலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தார்கள், நலமா, நலம் என்பதைத் தாண்டவில்லை. சைகைதான் அவர்கள் தாய்மொழி, தமிழோ பள்ளியில் படித்தது. ஆகவே வீடியோ கால். எங்கள் வீட்டில் சிக்னல் வந்தால் வரும், போனால் போகும். நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் வந்தால் ஒப்பேற்றிவிடலாம். அவர்களுக்குக் கைதானே குரல்? கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாமா என்று இவள் கேட்டாள். 'வேலை' என்று ஆரம்பித்த அவர் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி படம் வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இவளும் சிரித்துத் தலையாட்டினாள். வீட்டில் எல்லோரும் புள்ளைக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் சொன்னது பாதி புரியவில்லை என்று அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

நான் தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவள். அங்கே அழைத்துப் போகிறேன் என்றால், கல்யாணம் பேசும் பெண்ணை நாலு பேர் பார்க்க உட்கார வைப்பதா என்று அம்மா ஒரே பிடிவாதம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு வேறு கம்பெனி சிம் இரண்டை ஒரே இணைப்பாக ஓட்டும் வசதி லினக்ஸ் இயங்குதளத்தில் சோதனை அளவில் இருந்தது. தயாராகக் கிடைக்காது. கெர்னல் என்கிற அதன் அடிப்படை நிரலை இறக்கி, அதில் யாரோ எழுதிவைத்த திருத்தங்களை, அதாவது பேட்சை, ஒட்டி, முழுவதையும் கம்ப்யூட்டரில் ஓடும் வடிவத்துக்கு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

தெரியாத்தனமாக இறங்கிவிட்டேன். அந்த பேட்ச் வேறொரு பதிப்புக்கு எழுதியது. ஒட்டாத இடங்களை வரிவரியாகப் பார்த்து நானே ஒட்டினேன். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து லேப்டாப்பைத் திறந்தால் கண் எரியும். கம்பைல் ஓட ஆரம்பித்தால் லேப்டாப் தோசைக்கல்லாகக் கொதிக்கும். பேட்டரி செத்துப்போன லேப்டாப் வேறு. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஒருவழியாகப் புதுக் கெர்னல் எழுந்து நின்றது. பார்த்தால் ஒரு சிம்மைப் போட்டு லேப்டாப்பில் செருகியிருந்த டாங்கிளை அதற்கு அடையாளமே தெரியவில்லை. அதை இயக்கும் டிரைவர் நிரலைச் சேர்க்க மறந்திருக்கிறேன். பந்தல் போட்டு, பிரியாணிக்கு அடுப்பு மூட்டி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல மறந்த கதை. அழுகையே வந்துவிட்டது.

ஏன் அவ்வளவு பாடுபட்டேன்? தங்கைப் பாசம் மட்டும் இல்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு வாய் நான்தான். ஆஸ்பத்திரி, பேங்க், துணிக்கடை, எங்கே போனாலும் அவள் கை ஆடும், என் வாய் பேசும். இந்தக் கல்யாணம் முடிந்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன்.

டிரைவரையும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். இரண்டு சிம்மில் பிரிந்து போவதை ஒன்றுசேர்க்க எதிர்முனைக்கு ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து, அதிலும் அதே கெர்னலை ஏற்றினேன். அவருக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை நானும் லீவு போட்டேன். ஜும்மா முடிந்து சாப்பிட்டதும், ஒரு போனை மாடிப்படியிலிருந்து ஒயரில் இழுத்து, டாங்கிளை அடுப்படி ஜன்னல் கம்பியில் கட்டினேன். படம் வந்தது. அவர் சட்டைப் பட்டன்வரை தெளிவாகத் தெரிந்தது.

இருவர் கையும் ஓயவில்லை. ஒரு சிம் தூங்கினால் மற்றது தாங்கிக்கொண்டது. தங்கை பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். வேலையை விட்டுவிட வேண்டும், ஊரில் தனியாக இருக்கும் தன் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். அவள் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தாள். அதே பதில்தான். போன தடவையும் இதைத்தானே சொன்னேன், நீங்கள் தலையாட்டினீர்களே என்றார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. பாவம், நல்ல மனிதர். இருவரும் சலாம் சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

அத்தா, அதாவது எங்கள் அப்பா, ஆவலாகக் கேட்டார். "என்னம்மா, தேதி பாத்துரலாமா?"

தங்கை என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். அதை வாய்விட்டுச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

"வேணாங்கிறா அத்தா."

வரனைக் கொண்டுவந்த பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "படம் விட்டு விட்டு வந்தப்ப எல்லாம் நல்லாத்தானேடி இருந்துச்சு! ஒன்னை யாரு இதையெல்லாம் நோண்டச் சொன்னா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைப்பானேன். இத்தனை நாள் உயிரை விட்டது இதற்குத்தானா என்று தரையிலேயே படுத்துவிட்டேன். அசர் தொழுகைக்குக் கிளம்பிய அத்தா வாசலில் நின்று, "அதுக்குப் புடிக்கலேன்னா வுட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவமா லாத்தா?" என்று கேட்டாள். அலுப்பு என்று கையைக் காட்டினேன். என் கால்களைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போன தடவை ஆட்டிய தலையை வைத்து நிக்காஹ் முடிந்திருந்தால் இவள் கதி என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு கேபிள் வந்தது, அந்தக் கெர்னலை அழித்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் எங்காவது பெண் சம்மதித்துவிட்டாள் என்று சொல்லக் கேட்டால், அவளுக்கு எல்லாம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.