கட்டில் காலில் கடைந்த கெண்டாமா

கெண்டாமாவை உடைத்தது நான் இல்லை, ஃபோர்க்லிஃப்ட். இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதை ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு அடியில் பறக்கவிட்டது நான்தான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்க்கிறேன். ஆறு வருஷமாக இதே வேலை. பார்ட்டை லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தேறினால் பச்சை ஸ்டிக்கர், மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் சிவப்பு ஒட்டிக் கழித்துவிடுவேன். அந்தக் கண்டிப்பும் போதாது என்று சொல்ல ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினீயர் மூன்று மாதத்துக்கு வந்திருந்தார்.

அவர் பையில் எப்போதும் ஒரு கெண்டாமா இருக்கும். மரக் கைப்பிடி, அதன் இரண்டு பக்கமும் சின்னக் கிண்ணம், உச்சியில் ஒரு முனை, நூலில் கட்டிய ஓட்டைபோட்ட மரப்பந்து. பந்தைச் சுண்டிவிட்டுக் கிண்ணத்தில் ஏந்த வேண்டும், இல்லை முனையில் குத்த வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் போனில் மகளைக் கூப்பிடுவார். அவள் அங்கே ஒன்று பிடிப்பாள், இவர் இங்கே ஒன்று பிடிப்பார். வந்த நாளிலிருந்து இது ஒரு நாளும் தவறியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் நான்தான், “ஒரு தடவை, சார்” என்று வாங்கி வேகமாகச் சுண்டினேன். கையை விட்டே போய்விட்டது. படக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கி எடுத்துக்கொண்டு “நோ பிராப்ளம்” என்றார். சாயங்காலம் போனில் மகளிடம் வெறுங்கையை விரித்துக் காட்டினார். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியதைப் பார்த்த எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் ஒன்று செய்து, கடைசியாக ஒரு நாளாவது இரண்டு பேரும் ஆட வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் பிள்ளைப்பாக்கத்துக்காரன். நேரே அவனிடம் போனேன்.

“நான் இன்னாக்கா பண்றது? அதுவா வந்து உயுந்துச்சு!”

“வாய மூடுலே. பைக்க எடு, வாலாஜாபாத் போணும்.”

அங்கே கட்டில் கால் கடையும் பட்டறை ஒன்று இருந்தது. அவரிடம் கேட்டு வாங்கிய உடைந்த துண்டுகளை வெர்னியர் அளவுகோலில் அளந்து, நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பட்டறைக்காரர் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். “கட்டில் கால்னா சொல்லும்மா. இதுக்கு இன்னா மில்லிமீட்டரு?”

முதலில், கம்பெனியில் சரக்கு அடுக்கும் பேலட்டிலிருந்து கழித்துப் போட்ட பைன் கட்டை. நகம் பட்டாலே பள்ளம் விழுந்தது. நாலு தடவை முனையில் குத்தியதும் பந்தின் ஓட்டை அகன்றுவிட்டது. அடுத்து புளியங்கட்டை. நல்ல உறுதி, ஆனால் என்ன கனம்! கட்டைவிரலில் பட்டு, அம்மாடி, உயிர் போனது. வேம்பு ஈரக்கட்டை, கடையும்போதே வெடித்தது. புதன்கிழமை சாயங்காலம் நான் பட்டறை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஃபோர்க்லிஃப்ட்காரன் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டில் கால்.

“பூவரசுக்கா. வூட்ல ஒடஞ்ச கட்டிலு சும்மாதான் கீது. நல்லா காஞ்ச மரம். அம்மா கேட்டா எலி துன்னுடுச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

பூவரசு அப்படியே கடைசலுக்கு வளைந்து கொடுத்தது. இழை நெருக்கம், கனம் அளவாக, குத்தினால் குழி இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்காரர் போதும் போதும் என்று சொல்லியும் கேளாமல், உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்து, மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வைத்தேன். ஒரு கீறல் இல்லை. முகம் பார்க்கலாம் போலிருந்தது.

வியாழன் மதியம் ஆடிப் பார்த்தோம். பந்து கிண்ணத்தில் விழுந்த வேகத்தில் நழுவி வெளியே வந்தது. இருபது தடவை, இருபதும் அப்படியே.

“சோப்புக் கணக்கா வயுக்குதுக்கா. ஓவரா பாலிஷ் போட்டுட்ட.”

வேறு வழியில்லை. சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்து, நானே என் கையால், அந்தப் பளபளப்பின் மேல் கீறல் போட்டேன். ஆறு வருஷமாகக் கீறலைக் கண்டு கழித்த அதே கை. அதன்பிறகு பந்து கிண்ணத்தில் உட்கார்ந்து அசையாமல் இருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பழக்கதோஷத்தில் அதை என் மேஜை லைட்டுக்கு அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்.ஜி.” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எங்கள் லைனில் அந்த இரண்டு எழுத்துக்குக் கழிசல் என்று அர்த்தம். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

போனை என் கையில் கொடுத்தார். திரையில் மகள் கெண்டாமாவோடு தயாராக நின்றாள். அவர் பந்தைச் சுண்டினார். முதல் தடவை தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் டொக்கென்று பந்து முனையில் குத்தி நின்றது. அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் லைனே திரும்பிப் பார்த்தது. அவளும் ஒன்று பிடித்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன், வெட்கமே இல்லாமல்.

அவர் என் மேஜையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரைக் கிழித்து, என் அடையாள அட்டையில் அழுத்தி ஒட்டினார்.

“எனக்கு, சார்? கட்டிலு எங்களுது!” என்று ஃபோர்க்லிஃப்ட்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். அவன் சட்டையில் நான் சிவப்பை ஒட்டினேன். போனுக்குள் அந்தப் பிள்ளை ஒற்றை விரலை நீட்டி, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று குதித்துக்கொண்டிருந்தாள்.