பூட்ஸுக்கு வைத்த பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கக் குனிந்தேன். விற்கிற அம்மா மீனை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நீதான பூட்ஸுக்குப் பொட்டு வச்சவ? நாளைக்கு இன்னா, தொடப்பக்கட்டைக்கு மால போடுவியா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போதுதான் தோன்றியது – உங்களிடம் இதைச் சொல்லவே இல்லையே? வாரா வாரம் கோயில், விரதம், கொழுக்கட்டை என்று எழுதுகிறேன். இதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம்... தப்பு என் மேல்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. அதில் ஒரு ஃபைபர் படகு கவிழ்த்து வைத்திருக்கும். பெரிய மழையில் எங்கள் தெரு மூழ்கியபோது குப்பத்திலிருந்து அந்தப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தவர் தாஸ் அண்ணன். மொட்டை மாடியில் நனைந்துகொண்டு நின்ற என்னையும் என் வீட்டுக்காரரையும் இறக்கிக்கொண்டு போனார்.

தண்ணீர் வடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. மீனவர்கள், ஆட்டோ ஓட்டும் பஷீர் பாய், வெல்டிங் வேலை செய்பவர் என்று பன்னிரண்டு பேரைச் சேர்த்தார். அதுதான் எங்கள் ஏரியாவின் மீட்புக் குழு. கயிறு, லாரி ட்யூப், ஆளுக்கொரு விசில் – அவ்வளவுதான் சொத்து. குடிசை பற்றி எரிந்தாலும் சரி, கம்பெனிகளிலிருந்து காற்றில் கண்ணெரியும் நெடி வந்தாலும் சரி, முதலில் வந்து கதவைத் தட்டுவது இவர்கள்தான்.

மீனவர்கள் படகில் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். சோறு போடுகிற இடம் அல்லவா? எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைதோறும் படகுக்குக் கற்பூரம் காட்டுவேன். ஒருநாள் வெல்டிங்காரர் ஷூவோடு கால் வைக்கப் போனார். பிடி பிடி என்று பிடித்துவிட்டேன்.

அதோடு நின்றேனா? பெயிண்ட் வாங்கி வந்து, 'செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்' என்று படகின் பக்கவாட்டில் என் கையாலேயே எழுதினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான்... ஆனால் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். பஷீர் பாய் படித்துப் பார்த்து, தங்கள் பள்ளிவாசலிலும் அப்படித்தானே என்று தலையாட்டினார். எல்லாச் சாமிக்கும் ஒத்துப்போன விஷயம். அதில் கெடுதல் வருமா?

வந்தது.

முந்தின வருஷ மழையில் பின்பக்கத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். படகு நகராத இடத்திலெல்லாம் இறங்கித்தான் தள்ள வேண்டும். கடலில் காலுக்கடியில் மணல். தெருவில்? உடைந்த பாட்டில், ஆணி, கூரையிலிருந்து பிய்ந்த தகரம். தாஸ் அண்ணன் வெறுங்காலோடு தள்ளினார். நிறைமாதப் பெண் ஒருத்தியையும் சேர்த்து ஒரு குடும்பத்தையே கரை சேர்த்தார். படகில் ரத்தத்தைப் பார்த்து அந்தப் பெண் பயந்தாளாம். அது மீன் ரத்தம் என்று சொல்லிவிட்டாராம்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. கால் மரத்துப்போய் இருந்ததால் எவ்வளவு ஆழமாகக் கிழிந்திருக்கிறது என்றே தெரியவில்லை. பத்து நாளில் கால் கறுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னொரு காயம் பட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி செல்வி அழுதாள். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

விஷயம் கேள்விப்பட்டு, துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு புண்ணியவான் பன்னிரண்டு ஜோடி பூட்ஸ் கொடுத்தார். அடிப்பாகத்தில் ஆணி இறங்காத ரகம். மூட்டை அப்படியே கிடந்தது. பூட்ஸ் இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று பஷீர் பாய் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பூட்ஸோடு படகை மிதிக்க மாட்டோம் என்று மீனவர்கள். பேச்சு முற்றி, ஒருவரை ஒருவர் பார்த்தால் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்கள். அடுத்த மழைக்குக் குழுவே இருக்காது போலிருந்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பூஜை அறையில் உட்கார்ந்தால் கண் முன்னால் அந்தக் குண்டு எழுத்துதான்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துப் போய், எழுதியதைத் தேய்த்து அழித்தேன். மூட்டையைப் பிரித்தேன். பன்னிரண்டு ஜோடியையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படகை நிமிர்த்தச் சொல்லி அதற்குள்ளேயே வரிசையாக அடுக்கினேன். என் வீட்டுக்காரர் தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்... என்னை மட்டும் பார்க்கவில்லை.

தாஸ் அண்ணன், புண் இன்னும் ஆறாமல் கட்டுப் போட்ட காலோடு வந்தார்.

"இன்னாம்மா இது, செருப்புக்குப் போயி பொட்டு வச்சிகினு கீற?"

"எஞ்சினுக்கு வைக்கிறீங்க, வலைக்கு வைக்கிறீங்க. இதுவும் தொழில் சாமான்தாண்ணா. நான் எழுதினது தப்பு. அழிச்சிட்டேன்."

அவர் அழித்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கற்பூரத் தட்டை வாங்கி, படகுக்கு ஒரு சுற்று, பூட்ஸுக்கு ஒரு சுற்று காட்டினார். சில பேர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அந்த முணுமுணுப்புதான் மார்க்கெட் வரைக்கும் போயிருக்கிறது.

அப்புறம் போன மாத மழை. டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவர், போக வேண்டிய நாளில் போக முடியாமல் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார். தாஸ் அண்ணனைத் தவிர குழுவில் ஏழு பேர் வந்தார்கள். மூன்று பேர் மீனவர்கள். தாஸ் அண்ணன் இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை. ஆனால் அவர் பார்க்காமல் யாரும் படகில் ஏற முடியாது. மழையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் பூட்ஸையும் அழுத்திப் பார்த்து, லேஸை இழுத்துக் கட்டினார். பஷீர் பாய் கூச்சப்பட்டுக் காலைப் பின்னால் இழுத்தார்.

"இன்னா தாஸு, பெரியவன் நீ போயி என் கால தொட்டுகினு..."

"உன் கால யாரு தொட்டா? மூடிகினு நீட்டு."

நீட்டினார்.

நோயாளி நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். படகு திரும்பியதும் எல்லோரும் டீயைத் தேடினார்கள். தாஸ் அண்ணன் மட்டும் எல்லோரையும் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

எழுபதும் இருந்தது.