மித்ரா செய்த நம்பர் போர்டு

என் தங்கை சங்கமித்ராவுக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றைத்தான் புரட்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு தொடங்கிய அன்று காலையில் வாந்தி எடுத்தாள். இன்ஜினியரிங் கல்லூரியில் சேரப்போன அன்று பஸ் ஸ்டாப்பிலேயே எடுத்தாள். பிறகு வாயைக் கொப்பளித்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பிப் போய்விடுவாள். "வேணாம்னா விட்டுடு மித்ரா" என்று சொன்னால் கோபம் வரும். "வேணாம்னு யாரு சொன்னா? பயமா இருக்குன்னுதானே சொன்னேன்" என்பாள்.

சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஈஜிபுராவில் வாடகை வீடு. அப்பா ஜெயராமன் கோரமங்களாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி. நான் பத்தாவதோடு நின்று ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கராகச் சேர்ந்தேன். தைத்து வரும் சட்டையில் நூல் விட்டிருக்கிறதா, காலர் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மித்ரா மெரிட்டில் சீட் வாங்கி எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். எங்கள் சந்தில் அப்போது வேறு யாரும் இன்ஜினியரிங் படிக்கவில்லை என்பதை இங்கே எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

எங்கள் கம்பெனியில் காலையில் கேட்டிலேயே செல்போனை வாங்கி டிராயரில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். பக்கத்து வீட்டு வள்ளியம்மாவும் அங்கேதான் தையல் மெஷினில் இருந்தாள். 2006 பிப்ரவரியில் ஒரு நாள், பால்வாடியில் விட்டிருந்த அவள் பெண்ணுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. பால்வாடி மிஸ் திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார். போன் டிராயருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் மிஸ்ஸே குழந்தையை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை பிழைத்தது. சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்த வள்ளியம்மா கேட்டருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் தூக்கி நிறுத்தினேன்.

இதை மித்ராவிடம் சொன்னேன். அந்த வார விடுமுறையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு பழைய செல்போனும் சில்லறைச் சாமான்களும் வாங்கி வந்தாள். பேங்கில் டோக்கன் நம்பர் எரியுமே, அந்த மாதிரி ஒரு சிவப்பு போர்டு செய்தாள். பால்வாடி மிஸ் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், தொழிற்சாலைச் சுவரில் அந்தத் தாயின் டோக்கன் நம்பர் எரியும். அவள் எழுந்து கேட்டுக்குப் போய்ப் பேசலாம்.

நகரத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம், சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நடத்துவதாகக் கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தங்க இடம், வேலை செய்ய லேப், சாமான் வாங்கப் பணம் எல்லாம் அவர்களே தருவார்கள். கிடைத்தால் மித்ராவின் போர்டு ஒரு தொழிற்சாலைச் சுவரில் ஏறும். கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டுப் பரணில் ஏறும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். ஓரிடத்தில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க கம்பெனி பேரு என்னன்னு கேக்கறான். நம்மகிட்ட ஏது கம்பெனி?"

"இருக்குன்னு எழுதுடி. பேரு அப்புறம் வெச்சிக்கலாம்."

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். செய்த பொருளைக் கொண்டுவர வேண்டும், அதை உபயோகிக்கப்போகும் ஒருவரையும் அழைத்துவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வள்ளியம்மாவைக் கேட்டோம்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?" என்றாள் முதல் வார்த்தையாக.

"தெரியாதுக்கா. இந்த யுனிவர்சிட்டிக்கும் உங்க கம்பெனிக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள் மித்ரா.

"எனக்கு வேலை போச்சுன்னா உங்க அக்கா சம்பளத்துல பாதி எனக்கு. சம்மதமா?"

"முழுசா எடுத்துக்கோ, வா" என்றேன் நான்.

சிரித்துவிட்டு ஆளுக்கொரு பொய்யைத் தயார் செய்தோம். இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டால் சந்தேகம் வரும் என்று, அவள் வயிற்றுவலி என்றாள், நான் கல்யாணம் என்றேன். பஸ்ஸில் போகும்போது எங்கள் கம்பெனி வேன் ஒன்று பக்கத்தில் வந்தது. வள்ளியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மித்ரா போர்டை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இங்கிலீஷில் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஏ.சி. அறை. மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். பேராசிரியர் ஆராவமுதன் மல்லேஸ்வரத்துக்காரர், தமிழர். பக்கத்தில் மமதா மேடம், ஏதோ சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த கன்னடக்காரர். இருவர் கழுத்திலும் அடையாள அட்டை, முன்னால் நோட்டும் பேனாவும். நானும் வள்ளியம்மாவும் சுவரோரம் நின்றோம். மித்ரா நடுங்கும் குரலில் தொடங்கி, பிறகு நன்றாகவே சொன்னாள். மிஸ்டு கால் கொடுத்தாள். போர்டில் நம்பர் பளிச்சென்று எரிந்தது. மமதா மேடம் தலையை ஆட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு மேடம் வள்ளியம்மாவைப் பார்த்து, பேனாவைத் திறந்தார்.

"ஹேளிம்மா, தமிழ்லயே சொல்லுங்க, பர்வாகில்ல. வேலை செய்யற இடத்துல உங்களுக்கு என்ன ப்ராப்ளம்?"

வள்ளியம்மா நிமிர்ந்து நின்றாள். கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"ஒரு ப்ராப்ளமும் இல்ல மேடம்."

"போனை கேட்லயே வாங்கிக்கறாங்களாமே?"

"நாங்களே விருப்பப்பட்டுத்தான் குடுக்கறோம் மேடம்."

"வீட்ல ஏதாவது அவசரம்னா?"

"சூப்பர்வைசர் உடனே வந்து சொல்லுவாரு மேடம். கம்பெனி நல்லா பாத்துக்குது மேடம்."

அவள் சொல்லச் சொல்ல என் உதடும் கூடவே அசைந்தது. எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை 'ஆடிட்' என்று விசாரணைக்கு வருவார்கள். அதற்கு முந்தைய நாள் எங்களை வரிசையாக நிற்க வைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுப்பார்கள். தப்பாகச் சொன்னவர்கள் அடுத்த மாதம் வேலையில் இருக்க மாட்டார்கள். கழுத்தில் அட்டை, கையில் பேனா, பிரச்சினை என்ன என்ற கேள்வி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு வேறு பதில் வராது.

ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நீங்க அப்ளிகேஷன்ல எழுதினதெல்லாம் என்னம்மா? இவாளுக்குத்தான் ஒரு பிரச்சினையும் இல்லையே!"

என்ன செய்துவிட்டோம் என்று வள்ளியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ பாப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கம்பளத்தின் மேலேயே எடுத்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது என்றும் நினைத்தேன்.

மித்ரா எச்சிலை விழுங்கினாள். "சார், அவங்க பயந்துட்டாங்க. உங்களை ஆடிட்டர்னு நெனச்சிட்டாங்க" என்றாள். பிறகு போர்டைப் பார்த்தாள். வள்ளியம்மாவிடம் திரும்பினாள்.

"வள்ளியக்கா, நெஜமா சொல்லு. நடு லைன்ல உக்காந்திருக்கே. இதுல உன் நம்பர் எரியுது. எழுந்து போவியா?"

வள்ளியம்மா என்னைப் பார்த்தாள். சொல் என்று தலையசைத்தேன்.

"போமாட்டேன் பாப்பா" என்றாள் மெல்ல. "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. 'இன்னா, மகாராணிக்குச் சிவப்பு லைட்டு போட்டு கூப்புடறாங்களா'ன்னு சூப்பர்வைசர் கேப்பான். ரெண்டு தடவை எரிஞ்சா என் பேரைக் குறிச்சி வெச்சிப்பான். அப்புறம் நானே மிஸ்ஸுகிட்ட போன் பண்ணாதீங்கன்னு சொல்லிடுவேன்."

"இத ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"நீ ராவெல்லாம் முழிச்சி செஞ்சே. எப்படி சொல்றது?"

மித்ரா சுவிட்சை அணைத்தாள். "சார், இந்த போர்டு தப்பு. எல்லாருக்கும் தெரியற மாதிரி செஞ்சிட்டேன். அவங்களுக்கு மட்டும் தெரியணும்."

"எப்படிப் பண்ணுவேள்?"

"இப்போ தெரியல சார்."

மமதா மேடம் பேனாவை மூடி வைத்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வெளியே வந்தோம்.

பஸ்ஸில் வள்ளியம்மா அழுதுகொண்டே வந்தாள். "நான் கெடுத்துட்டேன் பாப்பா."

"கெடுத்துட்டேதான். மூக்கைத் துடை. ஒண்ணு கேக்கறேன், மெஷின்ல இருக்கும்போது கால்ல ஏதாவது லேசா அதிர்ந்தா உனக்குத் தெரியுமா?"

"மெஷினே கடகடன்னு ஆடுது. அதுல எது தெரியும்?"

"கையில?"

"கையும்தான் ஆடும்."

"இடுப்புல? சேலைக்குள்ள சொருகி வெச்சா?"

வள்ளியம்மா அழுகையை நிறுத்தி யோசித்தாள். "இடுப்புல தெரியும்" என்றாள்.

பத்து நாள் கழித்து ஆராவமுதனே போன் செய்தார். மித்ரா எனக்கும் கேட்கும்படி போனைப் பிடித்துக்கொண்டாள். இடம் கிடைத்துவிட்டது. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் மேலும் பேசினார்.

"ஒரு தொழிற்சாலைல வெச்சுப் பாத்தே ஆகணும். அந்த அம்மா வேலை செய்யற கம்பெனி பேரைச் சொல்லுங்கோ, பர்மிஷன் கேட்டு நாங்களே லெட்டர் எழுதறோம்."

அந்தக் கடிதம் போனால், யார் போய்ப் பேசினார்கள் என்று விசாரிப்பார்கள். வயிற்றுவலியும் கல்யாணமும் ஒரே நாளில் வந்தது வெளியே வரும். மித்ரா என் முகத்தைப் பார்த்தாள்.

"பேரு சொல்ல மாட்டேன் சார்."

"ஏம்மா? அது இல்லாம சீட் குடுக்கறது கஷ்டமாச்சே."

"அவங்களுக்கு வேலை போயிடும் சார். வேற கம்பெனி நானே தேடிக்கறேன். அப்படி முடியாதுன்னா... சீட் வேணாம் சார்."

அவர் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ பேசினார். பிறகு, "சரி, தேடுங்கோ. அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்கோ" என்றார்.

மித்ரா போனை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். அவள் வாய் கொப்பளித்து வருவதற்குள் வள்ளியம்மா வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வேற கம்பெனியே நல்லது" என்றாள். "அங்க பொம்பளைங்க சொல்றதை ஒழுங்கா கேக்கறாங்கன்னா சொல்லு பாப்பா, நானும் அங்கயே வேலைக்கு வந்துடறேன்."

எந்தெந்தக் கம்பெனி கேட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீடு, கதவும் சாத்தியிருந்தது. வள்ளியம்மா ஒவ்வொரு பெயரையும் ரகசியமாகவே சொன்னாள். நானும்தான்.