கச்சான் முடிந்த சனிக்கிழமை

டென்மார்க்கில் கோடை எப்போது தொடங்கும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாட்காட்டியைப் பார்த்து விமானச் சீட்டு வாங்கினால் போதாது. நான் அப்படித்தான் வாங்கினேன். ஏப்ரல் கடைசியில் மன்னாரிலிருந்து புறப்பட்டு, பிராண்டே என்ற சிறிய ஊரில் இருக்கும் என் மச்சாள் பிலோமினாவிடம் போனேன். காலமான என் கணவரின் தங்கை. காற்றாலை உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோப்பன்ஹேகன் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வைலேயில் வண்டி மாற வேண்டும்.

மச்சாளுக்கு இரண்டு வருடமாக நெஞ்சு வருத்தம். குளிர்காற்று பட்டால் இருமல் தொடங்கி மூச்சு முட்டும். அப்படிப்பட்ட காற்றில் கடற்கரைப் பக்கம் போகவே கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் இரண்டு வருடமாகக் கடலில் கால் நனைக்கவில்லை. நான் திரும்புவதற்குள் ஒருநாளாவது இருவரும் சேர்ந்து கடலில் நிற்பது என்று பேசிக்கொண்டோம். என் விமானம் ஜூன் நடுப்பகுதியில், ஒரு திங்கட்கிழமை.

மே முழுவதும் குளிர். யன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று எறிக்கும். அதை நம்பிப் பருத்திச் சேலையோடு வாசலுக்கு வந்து, வந்த வேகத்தில் உள்ளே போயிருக்கிறேன். இங்கே வெயில் வேறு, சூடு வேறு. சூட்டைக் கொண்டுவருவது காற்று. பக்கத்து வீட்டு டேனிஷ் முதியவரின் கொடிமரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நீள நாடாக் கொடி பறக்கும். அது கிழக்கு நோக்கி நீண்டிருந்தால், காற்று மேற்கிலிருந்து கடலின் குளிரோடு வருகிறது என்று அர்த்தம். காற்றுக்கு அது வரும் திசையை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்று எங்கள் கன்னியர் மடப் பள்ளியில் பிரம்போடு பழக்கியிருந்தார்கள். மேற்கிலிருந்து வருவது கச்சான். அந்தக் கொடி வாரக்கணக்கில் கச்சானைத்தான் காட்டியது.

டேனிஷ்காரருக்குக் காத்திருக்கத் தெரிகிறது. இதை நான் மனமாரச் சொல்கிறேன். வெயில் படும், ஆனால் காற்றுப் படாத சுவரோரத்தில் கதிரையைப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோப்பி குடிக்கிறார்கள். அந்த மாதிரி மறைவான இடத்துக்கு ‘லே’ என்று ஒரு சின்னச் சொல்லும் வைத்திருக்கிறார்கள். மச்சாளையும் அப்படி இருக்கச் சொன்னேன். தொழிற்சாலையில் அத்தனை வருடம் அவர்களோடு வேலை செய்தவர், அதெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தான் சரி என்றார்.

கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடி துவண்டு கம்பத்தோடு தொங்கியது. பிறகு மெல்ல மறுபக்கம் திரும்பியது. தென்கிழக்குக் காற்று, தரைவழியாகச் சூட்டோடு வருவது. முதியவர் வேலிக்கு மேலால் கையை உயர்த்தி, ‘சொம்மர்’ என்றார். அவர்கள் மொழியில் கோடை. ஆனால் சனி இரவு இடியும் மழையும், அதன்பின் மீண்டும் குளிர் என்றது வானிலை அறிக்கை. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். ஓல்போர்க்கில் இருக்கும் மச்சாளின் மகன் ஜெராட்டுக்கு உடனே குரல் செய்தி அனுப்பினேன். “தம்பி, கச்சான் முடிஞ்சுது. காலமை கெதியா வா.”

“ஓகே, மாமி” என்று பதில் வந்தது.

எட்டு மணிக்கே ஆயத்தமாகிவிட்டோம். அவன் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. வழியில் ஹேர்னிங்கில் தமிழ்க் கடை திறக்கும்வரை காத்து நின்றானாம். இரண்டு கையிலும் பை. பை நிறைய வறுத்த கச்சான். டென்மார்க்கில் பிறந்த பிள்ளைக்குக் கச்சான் என்றால் உடைத்துத் தின்னும் நிலக்கடலை மட்டும்தான்.

“நான் காத்தைச் சொன்னனான்.”

“காத்துக்கும் கச்சானோ? ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சுப்போட்டு என்னைப் பேசாதேங்கோ, மாமி.”

“தின்னுறதெண்டா மட்டும் உனக்கு விளங்கும்” என்று மச்சாள் சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. அது அடங்கியதும், “நேரம் போட்டுது. இனிக் கடலுக்குப் போகேலாது, விடுங்கோ, மச்சாள்” என்றார்.

செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

வேயர்ஸ் கடற்கரை மேற்குக் கரையில் இருக்கிறது. பிராண்டேயிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீற்றர், காரில் ஒன்றேகால் மணி நேரம். இறுகிய மணலில் கடலுக்குப் பக்கம்வரை காரை ஓட்டிப் போகலாம்; மூச்சு வருத்தக்காரர் மணல்மேடு ஏறத் தேவையில்லை. நாங்கள் போன அன்று யாரும் கட்டணம் கேட்கவில்லை. கடல் எங்களுக்கு எதிரே இருந்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து, இளஞ்சூடாக வந்தது. நேற்றுவரை கம்பளி போர்த்தியிருந்த மக்கள், ஒரு மாதமாக அங்கேயே கிடந்தவர்கள் போல வெறும் மேலோடு படுத்திருந்தார்கள். வந்த கோடையில் ஒரு நிமிடத்தையும் வீணாக்காதவர்கள்.

மச்சாள் கணுக்கால்வரை இறங்கினார். பிறகு முழங்கால்வரை. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது.

“குளிருதோ?” என்று கேட்டேன்.

“குளிருதுதான். ஆனா இருமல் வரேல்லை, பாத்தியளோ.”

ஜெராட் கச்சானை உடைத்து உடைத்து எங்கள் கையில் தந்தான். நன்றாக வறுத்திருந்தார்கள். ஐந்து மணிக்குத் தெற்கில் மேகம் கறுத்தபோதுதான் கரையேறினோம்.

போக நினைப்பவர்களுக்கு: வெயிலைப் பார்க்காதீர்கள், கொடியைப் பாருங்கள். காற்று கிழக்கிலிருந்து வந்தால் மேற்குக் கரைக்குப் போங்கள். மேற்கிலிருந்து வந்தால், நெஞ்சு வருத்தக்காரரை வீட்டிலேயே இருத்துங்கள். மற்றக் கார்கள் நிற்காத மணலில் உங்கள் காரை விடாதீர்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் மேற்குக் காற்றை மேற்குக் காற்று என்றே சொல்லுங்கள்.

மன்னார் வந்து சேர்ந்த அன்று ஜெராட்டிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது.

“மாமி, இங்கை திரும்பவும் கச்சான். அம்மா வெளியிலை, லேயிலை கதிரை போட்டு இருக்கிறா.”