முடிவாகும் வரை எழுந்திருக்காதீர்கள்!

நான்கு நாளாக எங்கள் மாடம்பாக்கம் தெருவுக்கு மீன்காரி அஞ்சலை வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். கூடையில் பாதிகூட மீன் இல்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“என்னம்மா, ஆளையே காணோம்?”

“வூட்டுப் பின்சுவரு கடல்ல போயிடுச்சு சார். பாத்திரம் பண்டமெல்லாம் அள்ளிகினு போய் அக்கா வூட்ல போட்டுக்கீறேன். முன்பக்கம் மட்டும் நின்னுகினு கீது. அதுவும் எத்தினி நாளைக்கோ...”

கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் அவளுடையது. அவள் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இரண்டு வரிசை படகு நிற்குமாம். இப்போது படகை ஏற்றி வைக்க மணலே இல்லை. பக்கத்து ஊரில் அலையைத் தடுக்கக் கடலில் கல் கொட்டியதால்தான் என்பார் ஒரு நிபுணர். கடல் மட்டம் உயர்வதால் என்பார் இன்னொருவர். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுவர் போனது போனதுதானே?

என் கையில் அன்றைய பேப்பர். முதல் பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட உலகத் தலைவர்கள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். பூமி சூடாவதைத் தடுக்க நாள்கணக்கில் கூடிப் பேசி, கடைசியில் எடுத்த முடிவு — மறுபடியும் கூடிப் பேசுவது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு எதற்கய்யா விமானமும் விருந்தும்?

மீன் வாங்க வந்த எதிர் ஃப்ளாட் ஜெயராஜிடம் பொரிந்து தள்ளினேன். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மேனேஜர் அவர்.

“நூறு வருஷமா புகை விட்டது வெள்ளைக்காரன். ஃபர்ஸ்ட் அவன் நிறுத்தட்டும் சார். நாம இப்பத்தான் கார் வாங்கவே ஆரம்பிச்சிருக்கோம்!”

நியாயம்தான். மறுக்க முடியவில்லையே என்பதுதான் எரிச்சல். அங்கே அவர்களும் ‘முதலில் இந்தியாவும் சீனாவும்’ என்கிறார்கள். நான் மட்டும் யோக்கியனா? ‘ஜெயராஜ் வீட்டில் மூன்று இருக்கிறதே’ என்று சொல்லியே போன கோடையில் இரண்டாவது ஏ.சி. வாங்கியவன்.

சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே அஞ்சலை கேட்டாள். “இன்னா சார் சண்டை?”

சொன்னேன்.

“இதே பேச்சுத்தான் எங்க ஊர்லயும். சின்னக் கண்ணி வலை போட்டு மீன் குஞ்சையெல்லாம் வாரிகினு போனானுங்க. நிறுத்துடான்னா, ‘பக்கத்துக் குப்பத்துக்காரன் நிறுத்தட்டும், அப்பால நான்’ன்றான். எட்டு குப்பத்துப் பஞ்சாயத்தும் ஒண்ணா கூடிச்சு. முடிவு ஆவுற வரிக்கும் ஒருத்தனும் கடல்ல எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. பெரிய போட்டும் கரையில, எங்க கட்டுமரமும் கரையில. மூணாம் நாளு ஒரு வூட்லயும் அடுப்பு எரியல. தன்னால ஒத்துகினானுங்க. நெறைய வாரினவன் மொதல்ல வலைய ஒப்படைக்கணும், மத்தவன் பின்னாலயே ஒப்படைக்கணும்னு பேச்சு.”

மூன்றே நாள்! உலகத்தின் மகா மேதைகளே, நீங்களும் செய்து பாருங்களேன். கையெழுத்து விழும் வரை ஒரு விமானம் பறக்கக்கூடாது, ஒரு ஃபாக்டரி ஓடக்கூடாது. எத்தனை நாள் தாங்குவீர்கள்?

“ப்ராக்டிக்கலா பேசுங்க சார்” என்று ஜெயராஜ் சிரித்தார். ஒருத்தியின் வீடு கடலுக்குள் போவது மட்டும் ப்ராக்டிக்கலோ?

அஞ்சலை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேப்பர் படத்தைக் குனிந்து பார்த்தாள்.

“மீட்டிங் முடிஞ்சு இவங்கல்லாம் எங்க போவாங்க சார்?”

“அவங்கவங்க வீட்டுக்குத்தான்.”

“போறதுக்கு வூடு கீது... அதான் சிரிச்சிகினு கீறாங்க.”