தலையாட்டினால் பாட்டில் கிடைக்காது

நெம்புகோலின் முனையில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நிற்கிறார் ராங்கெல். கீழே வெறும் இஞ்சின் ஆயிலில் நனைந்து சுழலும் இரும்பு வளையம், மேலே அழுத்தும் உருளையோடு உரசிக் கீச்சென்று அலறி நின்றுவிடுகிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, சாம்பல் நிறத் திரவத்தை ஒரு மூடி அளவு அதில் ஊற்றுகிறார். மறுபடி அழுத்துகிறார். வளையம் சத்தமில்லாமல் சுற்றுகிறது. பல்கேரியாவில், ஆற்றங்கரையில் இருக்கும் விதீன் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில், உதிரிபாகக் கடைகளின் கடைசியில், பதினோரு வருடமாக இதே வித்தைதான்.

"இது கிழவனக் குமரனாக்காது. முட்டி வலியக் கொறைக்கும், அவ்வளவுதான்" என்பார், இஞ்சின் ஆயிலில் கலக்கும் அந்த மருந்தைப் பற்றி. பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லும் பொய்யில் பாதிகூட அவருக்கு வராது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக் கொடுத்தால் முதலில் முகர்வார். பிறகு ஒரு சொட்டைக் கட்டைவிரலில் தேய்த்தபடி, "கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார். புளுகினால் கறுத்துப்போன விரலை மட்டும் காட்டுவார். ராங்கெல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. கடை ஓடுவது அந்தப் பேச்சில்தான்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மட்டும் அவர் விற்பதில்லை. மருந்தின் வேலையே உரசலைக் குறைப்பது. பைக்கிலோ பெரும்பாலும் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன. அவை உரசிப் பிடித்தால்தான் வண்டி நகரும். அதனால் யார் வந்தாலும் இடது கையால் காற்றில் கிளட்ச் பிடித்துக் காட்டி, "மோட்டார் சைக்கிளுக்கா?" என்று கேட்டுவிடுவார்.

போன மே மாதம் இலின்கா வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ருமேனியாவில், பைக்கில் போய்த் தபால் கொடுப்பவர். அன்று பஸ்ஸில் வந்திருந்தார். ராங்கெல் காற்றில் கிளட்ச் பிடிக்க, இலின்கா தலையை மேலும் கீழும் ஆட்டினார். அவர் ஊரில் அது 'ஆமாம்'. விதீனில் அதுவே 'இல்லை'. ஆமாம் என்றால் இங்கே தலை பக்கவாட்டில் ஆடும். ஆற்றங்கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். கூட்டம் சேர்ந்த குஷியில் ராங்கெலுக்கு மறந்துபோனது. 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு பாட்டிலை விற்றுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை இலின்காவின் கொழுந்தன் கோஸ்டெல் பைக்கையும் அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவனுக்கு பல்கேரிய மொழி தெரியும்.

"அண்ணே, உங்க மருந்து ஜோரா வேலை செய்யுது. இஞ்சின் கத்துது, வண்டிதான் நகரமாட்டேங்குது. அண்ணி ஆறு நாளா நடந்தே தபால் குடுக்கறாங்க."

கூட்டம் சிரித்தது. வாங்க நின்றவர்கள் பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ராங்கெலுக்குக் காது சிவந்துவிட்டது. பக்கத்துக் கடைக் காமென் கிசுகிசுத்தார்: "தலைய மாத்தி ஆட்டினது அவ. அதச் சொல்லிட்டு மெஷினப் போடு."

சொல்லியிருந்தால் கூட்டம் நின்றிருக்கும். ராங்கெல் இயந்திரத்தை அணைத்தார்.

"அவங்க தலைய அவங்க ஊர் மாதிரி ஆட்டினாங்க. தப்பாப் பாத்தது நான்."

தார்த்தரையில் படுத்து ஆயிலை வடித்தார். கிளட்ச் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து மாட்டினார். இலின்கா சந்தையை ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அன்று ஒரு பாட்டில்கூட விற்கவில்லை.

அதிலிருந்து, கேள்வி கேட்டதும் இரண்டு கையாலும் தன் கன்னங்களை இறுக்கிப் பிடித்துக் காட்டுவார். "தலைய ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க." அவர் முதுகுக்குப் பின்னால் சந்தையே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

போன வாரம் இலின்கா மறுபடி வந்தார். கோஸ்டெலின் காருக்கு வேண்டுமாம். ராங்கெல் வாயைத் திறக்கும் முன்பே தன் கன்னங்களை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு, "கார்" என்றார். காமென் கடையிலிருந்து பெரிதாகச் சிரிப்பு வந்தது. ராங்கெல் சிரிக்கவில்லை. பாட்டிலை நீட்டும்போது அவர் தலை மட்டும் இடமும் வலமுமாக, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.