ஜப்தியில் போன கதவு

காலை பத்தே கால் மணி. பள்ளி விடுமுறை. தெருமுனையில் நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டு வாசல் கதவை. நகராட்சி ஆட்கள் இருவர் அதைத் தலையில் சுமந்து போனார்கள். நாதாங்கி ஆடிக்கொண்டே போனது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் வீட்டு வரி கட்டாவிட்டால் அண்டாவை எடுத்துப் போவார்கள், சில சமயம் கதவை. எங்கள் வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தார். வரி ரசீது யார் கையிலோ வீடு அவருக்கே என்று பெரியப்பா நம்பினார், அப்பாவும் நம்பினார். ஒருவர் பணத்தோடு கிளம்பினால் மற்றவர் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இரண்டு வருடம் இப்படிப் போனது.

கதவை மீட்பதிலும் அதே சிக்கல். கதவில்லாத வாசல் நிலைக்கு இருபுறமும் நாற்காலி போட்டு ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். நடுவே ஓர் ஆடு உள்ளே நுழைந்தது.

"ஆட்ட வெரட்டுடா," என்றார் பெரியப்பா.

"ஒங்க வீடுன்னுதான சொல்லிக்கினு இருக்கீங்க? நீங்களே வெரட்டுங்கண்ணே," என்றார் அப்பா.

பின்கட்டில் இருந்தவள் அத்தை, அவர்களுடைய ஒரே தங்கை. கணவன் இறந்து திரும்பி வந்தவள். வீடு தன் பேருக்கு வந்ததும் அவளை அனுப்பிவிடப் போவதாக இரு அண்ணன்களும் அவள் காதுபடவே சொல்லியிருந்தார்கள். மல்லாட்டைக் கடலை உடைத்துச் சேர்த்த கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு, கொல்லை வழியாக என்னையும் கூட்டிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள்.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "ஒங்கப்பா பேருலதாம்மா ரசீது போடுவேன். செத்துட்டாலும் ரிஜிஸ்தர்ல அவருதான் இருக்காரு."

"போடுங்க சார். மக கட்டினதுன்னு கீழ ஒரு வரி எழுதிடுங்க."

"அது எதுக்கு?"

"எழுதுங்களேன். மைக்கும் நான்தான் காசு தரணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

மதியம் கதவு வீடு வந்தது. "பொம்பள கட்டினா செல்லாது" என்று பெரியப்பாவும் அப்பாவும் ஒன்றாகச் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான். எதிராளி கட்டாதவரை சரி என்று, அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளையே கட்ட விட்டார்கள். அந்த ஆடு இனி வராதே என்பதுதான் என் கவலை. அத்தை ரசீதை நாலாக மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

சில வருடங்கள் கழித்து விழுப்புரம் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடந்தது. பெரியப்பாவிடமும் அப்பாவிடமும் காட்ட ஒரு ரசீதும் இல்லை. அத்தையிடம் பதினொன்று இருந்தன.